நீலம் போட்ட வேட்டி

செங்கலடி,
தை 2010

அன்பு மகள் தக்ஷாயினிக்கு,

இங்கே மழை விட்டு வாவித் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீ பனிக்குள் தலையை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். படங்களைக் கணனிக் கடையிலிருந்து அனுப்பினாலும் இந்த விசயத்தைத் தாளில்தான் எழுத வருகிறது. நீ செய்து அனுப்பிய அட்டைப் பெட்டியை நான் முதலில் நம்பவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு டிவிடித் துண்டையும் மலிவான கமராவையும் வைத்து, நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் பயிரின் வெளிச்சத்தை நூறு நிறமாகப் பிரித்து, எந்த இடத்தை உப்பு வாட்டுகிறது என்று சொல்லலாம் என்றால் இரசாயனம் படிப்பிக்கிற எவள் உடனே நம்புவாள்? ஆனால் கதிரவெளியில் அழகரத்தினம் மாமா நம்பினார். சுனாமி உப்பேற்றிவிட்டுப் போன வயல், பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது, இத்தனை வருசம் கழித்து இந்தப் போகம்தான் விதைத்திருக்கிறார். நாங்கள் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்து, வயல் முழுக்க உப்பில் வாடுகிறது என்று நீ எழுதிய முதல் பதிலை அவருக்குச் சொன்னேன். அடுத்த நாள் போனில், "இனி உரத்தையும் கொட்டி ஏமாறாம மாட்டுக்கு விடுறன் தங்கச்சி, வெள்ளிக்கிழமை பட்டிக்காரன் மாடுகளோட வாறான்" என்றார்.

பயிரைப் பார்த்தபோது எனக்கு அப்படித் தெரியவில்லையே என்று, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போய், முதல் படம் எடுத்த அன்று செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒப்பிடுவதற்காக வயலோடு ஒரு வெள்ளைப் பொருளையும் எடுக்கச் சொல்லியிருந்தாய் அல்லவா? நான் கொண்டுபோன தாள் பனியில் நனைந்துவிட, மாமா அன்று தன் வேட்டியை வரம்பில் விரித்திருந்தார். கமராவில் கண்ணாக இருந்த நான் அதை யோசிக்கவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி, நன்றாக நீலம் போட்டது. நீலம் மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கும், அதோடு ஒப்பிட்டால் எந்தப் பச்சையும் பழுத்ததாகத்தான் படும். "பின்ன, வெளிநாட்டுக்குப் போற படத்துக்குப் பழசையா விரிக்கிற?" என்று மாமா கேட்க, "உங்கட வெள்ளையால பயிருக்கு மஞ்சக்காமாலை வந்திட்டு" என்று இராசாத்தி மாமி சிரித்தாள். பட்டிக்காரரை ஒரு கிழமை பொறுக்கச் சொல்லிவிட்டு, குழாய்ப் பொருத்துக்குச் சுற்றும் வெள்ளை நாடாவைக் கடையில் வாங்கிப் பலகையில் தடிப்பாகச் சுற்றி, அதை வைத்துத் திரும்ப எடுத்தோம்.

கடல் பக்க மூலை மட்டும்தான் வாடுகிறது என்று நீ எழுதியதைச் சொன்னதும், "அண்டைக்குச் சொன்னதும் அந்தப் பெட்டிதான், இண்டைக்குச் சொல்றதும் அந்தப் பெட்டிதான், எதை நம்புற?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு இடத்து மண்ணையும் பாடசாலைக்குக் கொண்டுவந்து கரைத்து வடித்து, உப்பைக் காட்டிக்கொடுக்கிற வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்த்தேன். மூலை மண் தயிராகத் திரண்டது, நடு வயல் மண் இலேசாகக் கலங்கியதோடு சரி. அதைக் கேட்ட பிறகுதான் "அப்ப மூலையை மட்டும் வரம்பு கட்டிப் பிரிச்சு விடுவம்" என்றார். பட்டி வேறு பக்கம் போய்விட்டது, பயிர் நிற்கிறது.

இனி எவருக்குப் பெட்டி அனுப்பினாலும் அந்த நாடாவையும் சேர்த்து அனுப்பு. முடிவை எழுதும்போது எவ்வளவு நிச்சயம் என்பதையும் எழுது, அதை நம்பி வயலை அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. உன் படிப்பும் உடம்பும் ஒன்றாகத் தேற வேண்டும் என்று கும்பிடுகிறோம். அறுப்புக்கு முன் இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம், அதற்கென்று மாமா நீலம் போடாத வேட்டி ஒன்று எடுத்து வைத்திருக்கிறாராம். நான் பலகையோடுதான் போவேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா