ஒரு சாண் இரும்பு

அன்புள்ள ட்ரெவருக்கு,

என் ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றி எடுத்துப் போனது நீதான். மார்ச் மாதம் உன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நீ பாஸ்டனுக்குக் கிளம்பியபோது அது உன் பையில் இருந்தது. மற்றபடி எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது. போனை நீ எடுப்பதில்லை, முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

போன சனிக்கிழமை துப்பாக்கியின் குறி சரிபார்க்கச் சுடும் மைதானத்துக்குப் போனேன். வேட்டைப் பருவம் தொடங்க ஒரு வாரம்தான், ஊரே அங்கே இருந்தது. உறையைத் திறந்தால், தோட்டாவைத் தள்ளிப் பூட்டுகிற அந்த ஒரு சாண் இரும்பு இல்லை. அது இல்லாத ரைஃபிள் வெறும் குழாய். துப்பாக்கிக் கடை வெர்ன் எட்டிப் பார்த்து, என்ன மார்லீஸ், இத வச்சு மானைச் சுடப் போறியா, அடுப்பு ஊதப் போறியா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யார் கழற்றியிருப்பார்கள், எதற்காக என்று ஒவ்வொருவருக்காக உறைத்ததும் சிரிப்பு நின்று, எல்லோரும் தங்கள் பூட்ஸையே பார்த்தார்கள். உறையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பக்கத்துப் பண்ணை ஆர்லோ, பிப்ரவரியில் அப்பாவிடம் வாங்கிப்போன மரம் அறுக்கும் ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சங்கிலியில் ஒரு தூள்கூட இல்லை. அறுக்கவே இல்லையா என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். இங்கே ஒருவனுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் சிநேகிதன் போய், உன் துப்பாக்கிய கொஞ்ச நாள் குடுடா, தேவைப்படுது என்று வாங்கிக்கொண்டு போவதும், காரணம் கேட்காமல் அவன் கொடுப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். பிப்ரவரியில் அதற்குத்தான் ஆர்லோ வந்திருக்கிறார். வாசல்ல நின்னு வாயத் திறந்தேன் மார்லீஸ், துப்பாக்கியக் குடுன்னு வரல, ரம்பத்தக் குடுன்னுதான் வந்துச்சு, அவனும் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தான் என்று சொல்லி அழுதார். முதலில் அவருக்கு நான் காப்பி கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன்.

போல்ட்டை எடுத்து எதைத் தடுத்துவிட்டாய்? புதன்கிழமை வெர்ன் கடைக்குப் போனேன். ஓட்டுநர் உரிமம், ஒரு படிவம், போலீஸ் பதிவைச் சரிபார்க்க அவன் போடுகிற ஒரு போன், இருபது நிமிடத்தில் புதுத் துப்பாக்கியோடு வெளியே வந்துவிடலாம். அப்பா அப்படித்தான் வந்தார், அதே கடையிலிருந்து. படிவத்தில் எத்தனையோ கேள்வி, வீட்டில் உன்னோடு சாப்பிட யாராவது இருக்கிறார்களா என்று ஒன்று இல்லை. மானைச் சுட உரிமம் வேண்டும், ஆரஞ்சு மேலாடை வேண்டும், சூரியன் உதிக்க அரை மணிக்கும் மேல் இருக்கும்போது சுட்டால் வனக்காவலர் வீடு தேடி வருவார். இந்த மொன்டானாவில் மானுக்கு இருக்கிற காவல் உன் அப்பாவுக்கு இல்லை. சுத்தம் பண்ணும்போது வெடித்துவிட்டது என்றே ஊர் இன்னும் சொல்கிறது. இதையெல்லாம் ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னால் துப்பாக்கி உரிமையைப் பிடுங்க வந்தவள் என்பார்கள், பன்னிரண்டு வயதில் முதல் மானைச் சுட்ட என்னை. படிவத்தில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. ஏப்ரலில் கெட்ட நாட்கள் இருந்தன, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த உறையை அக்டோபர் வரை நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் போல்ட் இல்லாதது அப்போதே தெரிந்திருக்கும், அன்றே உன்னைத் திட்டியிருப்பேன். நீ எடுத்ததில் கோபமில்லை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தாயே, ஆர்லோவைப் போல நீயும் ரம்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

இறைச்சி வைக்கிற ஃப்ரீசர் காலி. ஆர்லோ ஒரு மான் தொடை தருகிறேன் என்கிறார், எனக்கு நானே சுட்டது வேண்டும். உன் கார் டயர்களைப் பனிக்கு முன் மாற்று, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ, கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

போல்ட்டைத் தபாலில் அனுப்பாதே. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு அடுத்த ஞாயிறோடு பருவம் முடிகிறது, அதற்குள் நீயே கொண்டு வா. சமையலறையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அப்பாவிடம் யாரும் கேட்காததை என் முகத்தைப் பார்த்துக் கேள். எந்த நாள் வருகிறாய்?

உன் அம்மா,
மார்லீஸ்