சித்தூரில் யாரோடு பேசுவாய்?

இன்று காலை எங்கள் தெருவுக்குக் கிளிமூக்கு மாம்பழ வண்டி வந்தது. வாசனை பட்டதும் ஆனி மாதத்துச் சித்தூர் நினைவில் ஏறிவிட்டது. மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசையாக நிற்க, ஊர் முழுதும் புளித்த இனிப்பாக மணக்குமே, அந்த மணம். பழம் வாங்காமலே உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பாலிடெக்னிக் முடித்ததும் நான் சென்னையிலேயே தங்கிவிட்டேன். நீ எஸ்தரைக் கட்டிக்கொண்டு அவளுடைய ஊரான சித்தூருக்குப் போய், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டாய். அங்கே வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். எட்டு மணிக்குக் கடைத்தெரு அடங்கிவிடும். சாலையில் நாய்களும் ஒரு ஆட்டோவும் மிஞ்சும். திருப்பதிக்குப் போகிறவர்கள் ஊரைத் தாண்டிப் போவார்களே தவிர நிற்க மாட்டார்கள். "இந்த ஊர்ல யார்கிட்டடா பேசுவ?" என்பேன். "பேச ஆள் இருக்குடா. நீ வந்த சுருக்குல ஓடிடுற, உன் கண்ணுல எப்படிப் படும்?" என்று சிரிப்பாய்.

பக்கவாதம் வந்து நீ படுத்த பிறகு, பார்க்க வந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. "அண்ணா, நாம பேசற தமிழ் அவருக்குப் புரியுது. வாயில வர்றது மட்டும் தெலுங்குதான். அதுவும் ஒண்ணு ரெண்டு வார்த்த," என்றாள் எஸ்தர். இத்தனை வருஷமும் கார்வேட்டிநகரம் பக்கத்து விவசாயிகளோடு, எரிந்துபோன மோட்டார்களைப் பற்றித் தெலுங்கில் பேசிய வாய். நம் ஹாஸ்டல் தமிழ் எங்கே போனது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் நீ "நீள்ளு" என்றாய். காலை நீட்டிவிடச் சொல்கிறாய் என்று நினைத்து நீட்டிவிட்டேன். எஸ்தர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற முனிரத்தினம், ஜெராக்ஸ் கடைக்காரர், சர்ச்சில் எஸ்தரோடு பாடும் இரண்டு பெண்கள். தினமும் வருவார்களாம். "ஏம் பாவா, தின்னாவா?" என்று மச்சான் முறை வைத்துச் சாப்பாட்டை விசாரித்தபடி முனிரத்தினம் உரிமையாக உன் கட்டிலிலேயே உட்கார்ந்தார். மழை, மாங்காய், யார் வீட்டுக் கல்யாணம் என்று நாலா பக்கமும் தெலுங்குப் பேச்சு. நடுவில் நீ ஒரு சொல் போடுவாய், அறையே சிரிக்கும். கோணிய வாயால் நீயும் சிரித்தாய். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த நானும் சிரித்துவைத்தேன், எதற்கென்று தெரியாமலே.

மறுநாள் காலை எஸ்தர் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். பையை எடுத்துக்கொண்டு "வரேன்டா" என்றேன். உன் நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "உண்டு" என்றாய். மறுபடியும், "உண்டு, உண்டு." கண் கலங்கியிருந்தது. தமிழ் திரும்பிவிட்டதென்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச ஆள் உண்டு என்று என் பழைய கேள்விக்குத்தான் பதில் சொல்கிறாய் என்று நினைத்தேன். "ஆமாண்டா, உண்டு. பார்த்துட்டேன்" என்று சொல்லி, உன் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ராணிப்பேட்டையைத் தாண்டும்போது எஸ்தர் போன் செய்தாள். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். நீ சொன்ன சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"அண்ணா, அது தமிழ் இல்லண்ணா. தெலுங்குல உண்டுன்னா இருன்னு அர்த்தம். உங்கள இருக்கச் சொல்லிக்கினு இருந்துருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வந்து ஒரு வாரம் இருக்கிறேன் என்றேன். சனிக்கிழமையே நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் முனிரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வெகுநேரம் பேசினார். தலையாட்டிக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய?

இப்போதெல்லாம் யார் வீட்டுக்காவது போய்விட்டுக் கிளம்பும்போது, பேச்சுவாக்கில் யாரேனும் "உண்டு" என்றால் போதும், செருப்பு மாட்டிய பிறகும் கால் நகர மறுக்கிறது. "என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.