ஏ/பி என்று போட்டிருந்தது

திங்கள், 4 ஆகஸ்ட்

விடிந்ததிலிருந்து மழை. ரெங்கத்து வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரவே ஒரு மணி நேரம். குளிரில் மாவு எழும்பவில்லை. பிள்ளைகள் சுட்ட பன் எல்லாம் கல்.

10 மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். மாதக் கடைசியில் மேலிடத்து அதிகாரிகள் வருகிறார்களாம், 'பல்லினப் பண்பாட்டு நாள்' வைக்க வேண்டுமாம். பொறுப்பு எனக்கு. ஏன் எனக்கு என்றேன். "இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும், புவான்." புவான் என்று மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எனக்கு என்ன புரியும்? இங்கே பாடம் நடத்துகிறவர்களில் தமிழச்சி நான் ஒருத்தி, அவ்வளவுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த வாய் வேண்டிய நேரத்தில் திறக்காது.

செய்ய வேண்டியவை:
– மேசை மூன்று (மலாய், சீனர், இந்தியர்)
– பேர் அட்டை
– கோலமாவு, குளுவாங் டவுன் கடையில்
– இவருக்குப் பிரஷர் மாத்திரை

மாணவர் பட்டியலைப் பார்த்துப் பிரித்தேன். பெயர் நடுவில் 'பின்', 'பிந்தி' என்றால் மலாய். ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) என்றால் நம் பிள்ளைகள். மிச்சம் சீனர். பத்து நிமிடத்தில் முடிந்தது. என் ரொட்டி வகுப்பில் ஏ/பி நான்கு பேர். நான்காவது, சூரியா ஏ/பி அஞ்சாங்.

அஞ்சாங்கா? அஞ்சனாக இருக்கும். பிறப்புப் பத்திரம் எழுதியவன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான். எங்கள் அப்பா வீரப்பனை அடையாள அட்டையில் 'பிராபான்' ஆக்கிய ஆட்கள்தானே.

புதன், 6 ஆகஸ்ட்

வெயில். பேர் அட்டை அச்சடித்தாயிற்று. சூரியாவின் அட்டையில் 'அஞ்சன்' என்று நானே திருத்திப் போட்டேன். ஒரு பிழையாவது ஒழிந்தது.

மதியம் இந்தியர் குழு கூட்டம். கவிதாவுக்கு வாய் ஓயாது. சூரியா ஓரத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வாரமாக வகுப்பில் இருக்கிறாள், ஆனால் வகுப்பில் எல்லாம் மலாய், யாரிடம் உட்கார்ந்து பேச நேரம்? புடவை கட்டிக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றேன். அவள்தான் முதலில் எழுந்து வந்தாள். மயில்கழுத்துப் பச்சை, நன்றாகவே பொருந்தியது. "நம்ம பொண்ணுங்க நாலு பேரும் புடவைதான் கட்டணும்" என்று மலாயிலும் ஒரு தடவை சொன்னேன்.

கேண்டீனில் யாரோ: "இண்டியா மேசைல முறுக்கு ஃப்ரீயா லா?" பல்லினப் பண்பாடு அந்த அளவில் நிற்கிறது.

வெள்ளி, 8 ஆகஸ்ட்

தலைவலி. இரண்டாம் நம்பர் அடுப்பு சூடேறவில்லை, புகார் பாரம் எழுதிக் கொடுத்தது மூன்றாவது முறை.

வரவேற்பு ஒத்திகை. ஆளுக்குத் தமிழில் இரண்டு வரி. சூரியா வாயே திறக்கவில்லை. மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். "மாஃப், புவான்", மலாயில் மன்னிப்பு மட்டும், வேறு பேச்சே இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் மலாயில் கேட்டேன்: "சொந்த மொழி பேச வெட்கமா உனக்கு? நீ யார் பிள்ளை?" கவிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கினேன்.

வீட்டில் சொன்னதற்கு இவர், "மலாய்ப் பள்ளியில படிச்ச புள்ளயா இருக்கும், விடு" என்றார். இருந்தாலும் இப்படியா?

திங்கள், 11 ஆகஸ்ட்

சூரியா வரவில்லை. விடுதியிலும் இல்லை. வெள்ளி சாயங்காலமே பையோடு போய்விட்டாளாம். வருகிற வெள்ளி செய்முறைத் தேர்வு. அதற்கு வராவிட்டால் இந்தப் பருவம் முழுக்க வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள்? மாவு பிசைவதில் வகுப்பிலேயே நல்ல கை அவளுக்கு.

கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"திட்டக்கூடாது மிஸ்."

"திட்டல. சொல்லு."

"சுரியா நம்ம ஆளு இல்ல மிஸ். ஓராங் அஸ்லி. ஜாக்குன் இனம்னு சொல்வாங்களே, அவங்க. காஹாங் பக்கம் வீடு."

ஏ/பி என்று இருக்கிறதே என்றேன்.

"அவங்களுக்கும் அப்படித்தான் போடுறாங்க மிஸ். ஐசி கார்டுலயே அப்படித்தான் இருக்கு."

பூர்வகுடிப் பெண். நம் ஆட்கள் கப்பலேறும் முன்பே, எல்லாருக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள். ஏன் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை?

"நாங்க சொல்லலாம்னுதான் இருந்தோம். அவதான் வேணாம்னா. ஸ்கூல்ல எந்தக் குரூப்லயும் அவள சேத்துக்க மாட்டாங்களாம் மிஸ். நீங்க நம்ம பொண்ணுன்னு சொன்னீங்கல்ல, அது அவளுக்குப் புடிச்சிருந்துச்சு."

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன், இரண்டு தடவை. நீ யார் பிள்ளை என்று கேட்டிருக்கிறேன். கேட்டது, சுரியாவைச் சூரியா என்று நீட்டி, அவள் அப்பன் பெயரையே அடித்துத் திருத்தியவள். வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது.

செவ்வாய், 12 ஆகஸ்ட்

இயக்குநரிடம் போய் நான்காவது மேசை வேண்டும் என்றேன்.

"பேனர் அடிச்சாச்சு புவான். மூணுதான். அந்தப் பொண்ணு இந்தியர் மேசையிலயே நிக்கட்டும், யாருக்குத் தெரியப்போகுது?"

அரை மணி நேரம் நின்றேன், நகரவில்லை. கடைசியில் மூலையில் ஒரு சின்ன மேசை தருவதாகச் சொன்னார். வெற்றி. உடனே இணையத்தில் தேடி எடுத்தேன்: ஊதுகுழல், ஓலைக் கிரீடம், முகத்தில் சாயம். வண்ணத்தில் எட்டுத் தாள். மனசு லேசான மாதிரி இருந்தது.

இவர் படங்களைப் புரட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ள மேச கேட்டுச்சா?"

துணி மடிக்கப் போனேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

புதன், 13 ஆகஸ்ட்

மதியம் லீவு போட்டு, கவிதாவையும் கூட்டிக்கொண்டு காஹாங் தாண்டிப் போனேன். வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. இரண்டு முறை வழி தப்பியது.

சின்னக் கல் வீடு, தகரக் கூரை. அவள் அம்மா பால் இல்லாத கோப்பி ஓ கலக்கிக் கொடுத்தார். அப்பா வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுரியா எதிரில் உட்கார்ந்தாள். பேசியதெல்லாம் மலாயில். மேசை கிடைத்த விஷயத்தைச் சொல்லிப் படங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இவங்க எங்க ஆளுங்க இல்ல புவான். இது வடக்கே, பேராக் பக்கம்."

கவிதா பக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எனக்குத் தனியா மேசை வேணாம். கவிதாவோடயே நிக்கிறேன், இல்லாட்டி நிக்கல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "வெட்கமான்னு கேட்டீங்க. எனக்கு வெட்கம் இல்ல. அந்த மொழி தெரியாது, அவ்ளோதான். எல்லார் முன்னாடியும் கேட்டீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வெள்ளிக்கிழமை தேர்வு, எட்டு மணிக்கு என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கிளம்பும்போது அப்பா எழுந்து, கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கை கொடுத்தார். "என் பேர் அஞ்சாங்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கையை எடுக்கத் தெரியவில்லை.

திரும்பும்போது கவிதாதான் வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

வியாழன், 14 ஆகஸ்ட்

அட்டை மறுபடி அச்சு. சுரியா ஏ/பி அஞ்சாங். எழுத்து எழுத்தாக மூன்று முறை சரிபார்த்தேன். மூலை மேசையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இயக்குநர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். மாத்திரை வாங்கினேன். சுரியாவிடமிருந்து தகவல் இல்லை.

வெள்ளி, 15 ஆகஸ்ட்

மேகமூட்டம். 7:40க்குக் கதவைத் திறந்தால் சுரியா ஏப்ரன் கட்டிக்கொண்டு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். முதல் பஸ்ஸில் வந்தாளாம்.

எட்டு மணிக்கு எல்லாரும் வந்தபின், தேர்வு தொடங்கும் முன் நிறுத்தினேன். மலாயில்தான் சொன்னேன். "போன வெள்ளி உங்க எல்லார் முன்னாடியும் சுரியாவ திட்டினேன். தப்பு என்னோடது. அவ அப்பா பேரயும் நானே மாத்திட்டேன். பட்டியலப் பாத்தேன், அவளப் பாக்கல. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல."

சுரியா கையில் மாவோடு நிமிர்ந்து பார்த்தாள். "இப்ப கேளுங்க புவான்" என்றாள்.

உங்கள் ஊர், உங்கள் மொழி, உங்கள் வழக்கம் என்று ஏதேதோ வாய் வரை வந்தது. எல்லாம் விண்ணப்பப் பாரத்தில் நிரப்புகிற கேள்விகள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இன்னும் இல்ல, புவான்."