பதின்மூன்று மவுத் கார்டு

27 ஜூலை 2009, திங்கள்

ஷூவில் இன்னும் ஆஸ்டின் டவுன் மைதானத்துச் சேறு. நேற்று 22-8. ரக்பி லீக்கில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

பதினேழு பெண்கள், பதின்மூன்று மவுத் கார்டு. இதுதான் எங்கள் அணி. பல்லில் மாட்டும் அந்த ரப்பர் இல்லாவிட்டால் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார்; ஒரே நேரத்தில் ஆடுவது பதின்மூன்று பேர். அதனால் ஆட்டத்திலிருந்து வெளியே வருகிறவள் வாயிலிருந்து கழற்றி, தண்ணீரில் அலசி, உள்ளே போகிறவளிடம் கொடுப்பாள். வைட்ஃபீல்ட் ஐ.டி. கம்பெனி அணிக்காரிகள் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கார்டு, அதற்கொரு டப்பா, டப்பாமேல் பெயர். எல்லாம் இருக்கிறது, ஆடத்தான் தெரியவில்லை. எட்டே பாய்ண்ட்!

இறுதிப்போட்டிவரை போனால் போதும், தோற்றாலும் சான்றிதழ் உண்டு. ஆனால் லீக் முழுசாக நடந்து முடியவேண்டும். சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் கிளார்க் வேலைக்கு எழுதிப் போடலாம். செப்டம்பர் முப்பதோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. விட்டால் ஹெப்பகோடி தையல் கம்பெனியில் சட்டைக் காலர் மடித்தே கிழவியாகவேண்டியதுதான்.

5 ஆகஸ்ட், புதன்

டிவியைத் திறந்தால் பன்றிக் காய்ச்சல். கம்பெனியில் ஆளுக்கொரு முகமூடி கொடுத்தார்கள். சூப்பர்வைசர் அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, எங்கள் முகத்தருகே வந்து கத்துகிறார். நோய் காது வழியாகப் போகும்போலிருக்கிறது.

ரக்பி சங்கச் செயலாளர் சேஷகிரி சார் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் மூன்றடி தள்ளி நிற்கவேண்டுமாம். ரக்பியில்! பந்தோடு ஓடி வருகிறவளைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பதுதானே ஆட்டமே? மூன்றடி தள்ளி நின்று கும்பிடு போடவா? இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு ஆட்டமாவது கண் திறந்து பார்த்திருக்கிறாரா?

7 ஆகஸ்ட், வெள்ளி

தொண்டை கரகரப்பு. துணித் தூசி.

8 ஆகஸ்ட், சனி

உடம்பு வலி. ப்ராக்டிஸ் செய்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஜுர மாத்திரை இரண்டு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சேஷகிரி சார் என்னை ஓசூருக்கே தள்ளி நிறுத்துவார்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டோம்!! அரையிறுதி 14-12.

கடைசிப் பத்து நிமிடம் எனக்குக் கால் நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து தர்ஷினியை அனுப்பினேன். பத்தொன்பது வயசு, எலும்பும் தோலும், ஆனால் ஓடினால் யாராலும் பிடிக்கமுடியாது. கேன் காலி, அலசத் தண்ணீர் இல்லை. கார்டை ஜெர்சியில் துடைத்துக் கொடுத்தேன். வாயில் வைத்தவள் ஒரு நொடி நின்று என்னையே பார்த்தாள்.

"இன்னாடி பாக்கற? ஓடு!"

ஓடினாள். ஜெயித்த பாய்ண்ட் அவள் போட்டதுதான்.

12 ஆகஸ்ட், புதன்

ரத்து. லீக் மொத்தமும் ரத்து. ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போது!

இரண்டு நாளாக ஜுரத்தில் கிடந்தேன். இன்று விட்டது. எழுந்ததும் நேரே சங்க ஆபீசுக்குப் போனேன். சேஷகிரி சார் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மூக்கா இருக்கிறது அவருக்கு?

"சார், ஞாயித்துக்கெழமை ஒரு எண்பது நிமிஷம். பாக்க ஆள் வரவேணாம், கேட்டைப் பூட்டிட்டே ஆடறோம்."

"ஸ்கூலே மூடிட்டாங்க. உசிரு இருந்தா அடுத்த வருஷம் ஆடலாம்மா."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு இருக்காது சார்."

"சும்னே என் தலை தின்னாத, உஷா" என்று கன்னடம் கலந்து எரிந்து விழுந்தார்.

கோழை. கையெழுத்துப் போடத் தெரிந்த கோழை. அந்த நாற்காலியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்திருந்தாலும் இதைவிடத் தைரியமாக இருந்திருக்கும்.

14 ஆகஸ்ட், வெள்ளி

தர்ஷினியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூச்சு வாங்குகிறதாம். தனி வார்டு, பார்க்க விடமாட்டார்கள்.

அவளுக்கு முன்னாலேயே ஏதாவது இருந்திருக்கும். இருந்திருக்கும்.

15 ஆகஸ்ட், சனி

இருந்திருக்காது.

19 ஆகஸ்ட், புதன்

தர்ஷினிக்குப் பன்றிக் காய்ச்சல்தான் என்று ரிசல்ட் வந்துவிட்டது. அவளுடைய அம்மா லட்சுமம்மா டிபன் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"நான் ஸ்கூல்ல ஆயா வேல பாக்கறேன்ல? அங்கேர்ந்து நான்தான் ஊட்டுக்குக் கொண்டாந்திருப்பேன். எம் பொண்ணு உனக்கும் குடுத்துட்டா. நீயும் படுத்துக் கெடந்தியாமே. மனசுல வெச்சுக்காதம்மா."

நான் சொல்லவில்லை. வாய் இருக்கிறதே எனக்கு, ஊரையே திட்டுகிற வாய் — அது திறக்கவில்லை. ரசம் சாதத்தைத் தின்றேன். முழுசும் தின்றேன்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டாளாம். நான் போகவில்லை. கேரியரைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

12 செப்டம்பர், சனி

கேரியரை எடுத்துக்கொண்டு போனேன். இனிமேலும் கழுவினால் அது தேய்ந்துவிடும்.

வாசலில் நின்றபடியே லட்சுமம்மாவிடம் சொல்லிவிட்டேன். தொண்டை கரகரப்பு, மாத்திரை, ஜெர்சியில் துடைத்தது, எல்லாம். அவர் கேரியரை வாங்கிப்போய் மறுபடி ஒருதரம் கழுவி, கவிழ்த்து வைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே கட்டிலிலிருந்து தர்ஷினிதான் பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உன் கார்டு வாயில வெச்சப்ப சுட்டுச்சு."

"தெரிஞ்சும் ஏன்டி போட்ட?"

"கார்டு இல்லாம ரெஃப்ரி உடமாட்டாரே. பதிமூணுல ஒண்ணு கொறைஞ்சா தோத்துருப்போம். உனக்கு செப்டம்பரோட வயசு முடியுதேக்கா."

நின்றுகொண்டே அழுதேன். லட்சுமம்மா கொஞ்சநேரம் கழித்து ஒரு ஸ்டூலை என் பக்கம் காலால் தள்ளினார்.

30 செப்டம்பர், புதன்

இன்றோடு வயது முடிந்தது. கம்பெனியில் எண்ணூறு காலர்.

தர்ஷினி ஒரு வருஷத்துக்கு ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று வாசல்வரை நடந்தாளாம்.

சாயங்காலம் கடைக்குப் போய் நான்கு மவுத் கார்டு வாங்கினேன். பதினேழு ஆயிற்று. பெயர் எழுதிவைக்க டப்பா இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.