மூன்று வாயில், ஒரு தோணித்துறை

நலம் நிலைக்க. முகில்மலை நாட்டை ஆண்டருளும் அரசி செங்காந்தள் மாதேவியாரின் ஆணைப்படி, ஓலைநாயகம் ஆழிவாணன், அடிவாரப் பேட்டை உப்பு வணிகப் பெருமக்களுக்கு விடுக்கும் ஓலை. உங்கள் பேட்டையும் பொதிமாடுகளும் குலமும் குறைவின்றி விளங்குக.

நம் பண்டசாலைத் தலைவர் பொற்கோடனாரை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஒருவரையே நம்பியிருந்தால் நாடு என்றேனும் தவிக்கும் என்று, நம் மலைநாட்டின் மூன்று வாயிலுக்கு மூன்று உப்பு வணிகரை அமர்த்தியவர் அவர். அதைப் பற்றி அவையில் அவர் பெருமை பேசாத திங்கள் இல்லை. நாமும் தலையாட்டிக் கேட்டிருந்தோம். சென்ற கார்காலத்தில் வெள்ளம் நெடுங்கரைத் துறையின் தோணிகளை அடித்துச் சென்றபோது, மூன்று வாயிலும் ஒரே நாளில் வெறிச்சோடின. பத்தொன்பது நாள் மலையூர் மக்கள் உப்பில்லாக் கஞ்சி குடித்தனர்; கறவைகள் உப்புக்கு ஏங்கிச் சுவரை நக்கின.

மனம் பொறாத பொற்கோடனார் தாமே மலையிறங்கித் துறைக்குப் போனார். அக்கரையில் மூன்று வணிகரின் கொடி நாட்டிய மூட்டைகளும் ஒரே தோணிக்காக அடுத்தடுத்துக் கிடந்தன. மூவரும் ஒரே உப்பளத்தில் சரக்கெடுத்து, ஒரு துறையில் கடந்து, அடிவாரத்தில் பிரிந்து வந்தவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசியார் முன் வைத்து, தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டினார். சரக்கு வரும் வழியை ஏன் கேட்கவில்லை என்று அரசியார் வினவினார். பிறர் காணாதபடி துணிக்குள் விரல் பிடித்து விலை பேசும் வணிகரிடம் வழி கேட்பது, பேரத்தின் நடுவே துணியை விலக்குவது போலாகும் என்று தயங்கியதாக அவர் சொன்னார். அவரைக் கடிய எவருக்கும் மனம் வரவில்லை.

அரசியார் அடுத்து மடைப்பள்ளித் தலைவரை அழைத்து, அரண்மனை உப்பு எவ்வழி வருகிறது என்று கேட்டார். மேலைக்கடல் அளத்திலிருந்து ஆட்டுப்பாதை வழியே ஓர் இடையர் குடும்பம் கழுதைகளில் கொணர்வதாகவும், தெரிந்தால் பிறர் பறித்துக்கொள்வர் என்று மறைத்ததாகவும் அவர் கூறினார். அந்தப் பாதையை வெள்ளம் தொடவே இல்லை. பத்தொன்பது நாளும் தம் இலையில் உப்புக் குறையவில்லை என்பதையும், ஏன் குறையவில்லை என்று தாம் கேட்கவில்லை என்பதையும் அரசியார் தாமே அவையில் எடுத்துரைத்து, மோதிரத்தைப் பொற்கோடனாரிடம் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே ஆட்டுப்பாதையில் மலையூர்களுக்கு உப்புப் பொதிகள் ஏறின.

ஆகவே ஆணை யாதெனில்: இனி ஒவ்வொரு பொதியோடும் அதன் அளமும் துறையும் கைமாறிய ஊர்களும் எழுதிய வழியோலை ஒன்று வருதல் வேண்டும். வழி பறிபோகும் என்ற உங்கள் அச்சத்தை அரசியார் அறிவார். ஆதலின் வழியோலையின் கட்டைப் பொற்கோடனாரன்றி எவரும் பிரிக்கலாகாது. ஒருவர் வழியை மற்றவர் பறிப்பாராயின் அவருக்குப் பேட்டையில் இடமில்லை. விலையைத் துணிக்குள்ளேயே பேசுங்கள். வழியை மட்டும் மறைக்க வேண்டா.

இது வேங்கைப்பூ முத்திரையிட்டு, அரசியார் கேட்டிருக்க ஆழிவாணன் எழுதியது. முதல் வழியோலை இத்துடன் வருகிறது. அது அரண்மனை மடைப்பள்ளியினுடையது. அதற்கு மட்டும் கட்டு இல்லை, யாவரும் படிக்கலாம்.