தலையில் வைக்காத மல்லிகை

ஜூலை 6, ஞாயிறு

அம்மா பஜாரிலிருந்து மல்லிகை வாங்கி வந்தாள். தலையில் வைக்கவில்லை. சாமி படத்துக்கும் இல்லை. பூ எங்கே போனது?

மழை. மலையில் மஞ்சு மூட்டம் இறங்கி, எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியவில்லை. வெங்காயம் தீர்ந்தது. தம்பிக்குக் குடை வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் விருந்தாளி இல்லை, வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் துணி துவைத்தேன். அம்மாவின் ரவிக்கையை உதறியதும் துவைக்கும் கல்லில் மல்லிகை. கருத்து, நசுங்கி.

தம்பிக்குப் பால் மறக்கடித்தபோது பார்த்திருக்கிறேன். பால் வற்ற, பூவை மாரில் வைத்துக் கட்டுவார்கள். லயத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் தம்பி இப்போது மூன்றாம் வகுப்பு.

சாயங்காலம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லட்டி. பழைய பால்கட்டு. அப்ப வேலைக்கு ஓடணும்னு சட்டுனு நிப்பாட்டினேம்லா, அது உள்ளயே உறைஞ்சு கெடக்கு. பூ வச்சா கரைஞ்சிரும்."

"வலிக்குதாம்மா?"

"வலிச்சாத்தான பயப்படணும்? ஒங்க அப்பாட்ட ஒளறிராத."

பின் லயத்து ராசாத்தி அத்தையும் வலியில்லை என்றுதான் சொன்னாள். போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு என்ன, எங்கே என்று கேட்டதற்கு "அந்த எடத்துல" என்றார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஹோம்ஸ்டே. போர்வை மாற்றினேன், கண்ணாடி துடைத்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது? நாள் முழுக்க இதே யோசனை.

அந்த இடத்துக்குப் பஸ் ஸ்டாண்டுப் பையன்கள் சொல்வதெல்லாம் பழக்கடையிலிருந்து வந்தவை. மா., தே., இ. முழுதாக எழுத மாட்டேன். போகிற வருகிற பெண்களை விலை கேட்பதுபோல் சொல்வார்கள்.

தம்பி குழந்தையில் சொன்னது பாச்சி. பாலிலிருந்து வந்திருக்கும். ஹோம்ஸ்டே நடத்தும் மலையாளச் சேச்சியின் குழந்தை அம்மிஞ்ஞ என்கிறது. அது அம்மாவிலிருந்தாக இருக்கும்.

பெண்கள் சொல்வது: மாரு, நெஞ்சு, மேலு, "அது". தேயிலைக் கொழுந்தெடுக்கும் காட்டில் மட்டும் "மூட்டை". சூப்பர்வைசருக்குப் புரியக்கூடாது என்று கொழுந்து மூட்டையிலிருந்து எடுத்தது. "ஏட்டி, மூட்டைய மூடு, சார் வாராரு!" பிறகு ஒரே சிரிப்பு.

ஒன்று பழம், இல்லையென்றால் பால், இல்லையென்றால் சிரிப்பு. சீக்கு வந்தால் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அம்மாவும் அதனால்தான் பால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ.



ஜூலை 10, வியாழன்

கொசு மருந்து விஷயமாக, வீடு வீடாக வரும் சுகாதார ஊழியர் ஆஷா சேச்சி வந்தாள். அம்மா காட்டில். தண்ணீர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்:

"இவிடெ ஆர்க்கெங்கிலும் முலயில முழ உண்டோ?"

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல். வாசலில் நின்றுகொண்டு. எனக்குக் காது சுட்டது. எங்கள் லயத்தில் அந்தச் சொல் சண்டையில் மட்டும்தான் வரும். முழ என்றால் கட்டி, அது தெரியும்; இங்கே யாருக்காவது இருக்கிறதா என்கிறாள்.

"இல்லா" என்றேன்.

அவள் போய்விட்டாள். அடுப்படிக்கு வந்தேன். இல்லை என்று ஏன் சொன்னேன்? ராசாத்தி அத்தையின் முகம். செருப்பில்லாமல் ஓடினேன். குழாயடியில் பிடித்தேன்.

"சேச்சி... அம்மைக்கு..."

என் மாரைத் தொட்டுக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளெத்தன்னெ ஆஸ்பத்திரி. கேட்டோ மோளே? பேடிக்கண்டா." நாளைக்கே போக வேண்டுமாம், பயப்படக் கூடாதாம்.

அம்மா வந்ததும் திட்டு. "ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டியோ? இனி கொழாயடில எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" ஆனால் நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டிருந்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரி. வளைவுக்கு வளைவு அம்மா கம்பியைப் பிடித்தபடி. ஆஷா சேச்சிக்கு வேறு எங்கோ வேலை, வரவில்லை. நானும் அம்மாவும் மட்டும்.

டாக்டர் சின்ன வயது. ஆம்பிளை. அம்மா தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எந்தா பிரஸ்னம்?"

"நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு சார். கேஸு."

அவர் எழுத ஆரம்பித்தார். கேஸ் மாத்திரையாகத்தான் இருக்கும். சிஸ்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அம்மாவின் முகத்தில் தப்பித்த சிரிப்பு. எழுந்தாள்.

தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"டாக்டரே, அம்மைக்கு முலயில முழ."

சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் பேனாவை வைத்தார். "எத்ர நாளாயி?" என்று அம்மாவிடம் கேட்டார், மெதுவாக. சிஸ்டர் திரையை இழுத்தாள்.

அம்மா ரவிக்கை ஊக்கை அவிழ்த்தாள். பூ தரையில் உதிர்ந்தது.

குனிந்து பொறுக்கினேன்.