மருந்துக்குச் சாகாத பூஞ்சை

பெங்களூர்,
4.11.2024

அன்புள்ள சௌந்தர்யா,

காலேஜில் என் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தவளிடம் இப்போது பூஞ்சை கேட்கிறேன். சிரிக்காதே. உங்கள் தோல் பதனிடும் கம்பெனியில், குரோம் உப்பில் ஊறி நீலமான தோலில் கருப்பாகப் பூக்குமே, அந்தப் பூஞ்சையோடு ஒரு துண்டு தோல் வேண்டும். செவ்வாய் கிரகத்தின் காற்றும் குளிரும் உள்ள மாதிரி இங்கே எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெட்டி செய்திருக்கிறார்கள். குரோமிலேயே பிழைப்பது அதிலும் பிழைத்தால், அங்கேயும் உயிர் இருக்கலாம் என்று சொல்ல எனக்கு ஒரு பிடி கிடைக்கும். பெட்டி எனக்கு ஒரே ஒரு முறைதான். தோற்றால் வேலை போச்சு. ஆம்பூருக்கு வந்து அப்பாவின் ஷூ கடையில் உட்கார வேண்டியதுதான். பூஞ்சையைத் தொடாமல் அப்படியே அனுப்பு.

உன்
லுப்னா

ஆம்பூர்,
13.11.2024

லுப்னா,

போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதுகிறேன். நல்ல பூஞ்சையாகப் பார்த்துத்தான் எடுத்து வைத்தேன். பேக்கிங்கில் இருக்கும் ரத்தினசாமி அண்ணன் அதைத் துடைத்து, பூஞ்சை மருந்தில் முக்கி, காயவைத்து, அழகாகச் சுற்றி அனுப்பிவிட்டார். கேட்டால், "பூஞ்ச புடிச்ச தோல வெளிய அனுப்பினா கம்பெனி மானம் இன்னா ஆவறது மேடம்?" என்கிறார். பதறிப்போய் வேறு துண்டு தேடினேன். கிடங்கு முழுவதையும் துடைத்து வைத்திருக்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது. திட்டிவிடு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

சௌந்தர்யா

பெங்களூர்,
20.12.2024

அடியே சௌந்தர்யா,

திட்டினேன்டி, உன் காதில் விழுந்திருக்கும். பார்சலைப் பிரித்தால் தோல் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. ஓரத்து மடிப்புக்குள் மட்டும் கடுகளவு கருப்பு. வேறு வழியில்லாமல் அதையே வளர்த்துப் பெட்டிக்குள் வைத்தேன். மற்றவர்கள் பாறையிலும் உப்பளத்திலும் எடுத்து வந்தவையெல்லாம் செத்துப்போயின. நம்முடையது வெளியே எடுத்த சில நாளிலேயே தட்டு முழுக்கப் பரவிவிட்டது! நான் அழுதேன், ஆய்வகமே கைதட்டியது. "முதலில் மருந்தில் முக்கி, வலுவானதை மட்டும் பொறுக்கும் யோசனை யாருடையது?" என்று கேட்டார் பேராசிரியர். ரத்தினசாமி என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்கிறார்! எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை நீட்டித்துவிட்டார்கள்.

உன்
லுப்னா

ஆம்பூர்,
27.12.2024

லுப்னா கண்ணு,

விஷயத்தைச் சொன்னதும் ரத்தினசாமி அண்ணன் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நம்ம மருந்து வேல செய்யலியா?" வேறு மருந்து கேட்டு மேனேஜரைப் பேஜார் பண்ணிக்கொண்டிருக்கிறார். நான்தான் தனியாகக் குதித்தேன்.

நீ ஊருக்கு வந்துவிட்டால் தினமும் சாயந்தரம் உன்னோடு டீ குடிக்கலாம் என்று ஆசை இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இத்தனை நாளும் கோயிலில் நின்று நீ வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

நீ வரவில்லை. ரொம்ப சந்தோஷம்டி.

உன்
சௌந்தர்யா